உள்ளங்கைச் சீனிப் போர்

வாழ்க! ஒட்டுசுட்டான் வயற்காவலன், மூன்று காட்டானைகளைத் தகரம் தட்டியே காடேற்றிய தனிப்பெரும் வீரன், எவர் முன்னும் தலை குனியாத் தகைமையோன் குகதாசன் வாழ்க! அன்னவன் தன் வலக்கையோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். தான்தோன்றீசுவரப் பெருமானே, எம் நா தடுமாறாது காத்தருள்க!

பகைவன் பெயர் நடுக்குவாதம். ஆண்டுக்கொரு ஊராகப் பிடித்துக்கொண்டு வருகிற படை அது. முதலாண்டு வலக்கைச் சின்னவிரல் வீழ்ந்தது, மறு ஆண்டு கை முழுவதும், இவ்வாண்டு வலக்காலும். பிடித்த இடத்தை விட்டுப் போகிற படையல்ல என்று வைத்தியரே சொல்லிவிட்டார்.

போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த குகதாசன், ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்று நின்றான். உள்ளங்கையில் ஒரு கரண்டிச் சீனி, நாநுனியால் ஒரு நக்கு, அதன்மேல் வெறுந்தேத்தண்ணி சுடச்சுட ஒரு மிடறு: இதுவே அவன் பரம்பரை குடித்த முறை. சீனி கலந்த தேத்தண்ணியை அவன் பாணிமருந்தோடு சேர்த்தே எண்ணுவான். ஆயினும் நான்கு நாளாக அந்தச் சீனி நாவுக்குப் போகாமல் நிலத்துக்கே போயிற்று. ஐந்தாம் நாள் மாலை, குசினி வாசலில் தோன்றிய இல்லத்தரசி கமலாசனி, ஊரறியப் பிரகடனம் செய்தாள்:

"இஞ்சருங்கோ, இண்டைக்கும் கொட்டினா, நாளையில இருந்து மகள் வாங்கித் தந்த, உறிஞ்சிக் குடிக்கிற மூக்குக் கோப்பையிலதான் கலக்கித் தருவன். சொல்லிப்போட்டன்!"

"கையில போடும்!" என்று முழங்கினான் வீரன்.

மூண்டது போர். இன்னும் அவன் பக்கமே நின்ற இடக்கை கோப்பையை ஏந்த, வலக்கை சீனியை ஏந்தி, ஏந்திய கணமே முறத்தில் புடைக்கும் அரிசியெனத் துள்ளிற்று. துணைப்படையாக முன்கூட்டியே விழுங்கி அனுப்பிய குளிசையோ வழியில் எங்கோ இளைப்பாறிக்கொண்டிருந்தது. பாதிச் சீனி உடுத்திருந்த சாரத்தில் விழுந்தது. நான்கு நாளாக நேரம் தவறாமல் வந்து பழகிய எறும்புச் சேனை, கதிரைக்காலின் கீழ் அணிவகுத்து, மீதியையும் எதிர்பார்த்து நின்றது.

கை வாய்க்கு வருமென்று காத்திருந்தால் கதை முடிந்துவிடும் என்பதை வீரன் உணர்ந்தான். கதிரைக் கைப்பிடியில் புறங்கையை ஊன்றினான். யானைக்குக் குனியாத தலை, அரசாங்கக் கச்சேரிப் பெரியவர்களுக்கும் குனியாத தலை, தன் உள்ளங்கை முன் மெல்லக் குனிந்தது. நாவை நீட்டினான்.

அப்போதுதான் அந்த அதிசயம். நாவுக்கு வேலையே இருக்கவில்லை. நடுங்கிய கையே முன்னும் பின்னுமாய் அசைந்து, சீனியைச் சிறுகச் சிறுக அவனுக்கு ஊட்டிற்று. மூன்று ஆண்டாய்த் தன்னைத் தின்றுகொண்டிருந்த பகைவனை ஊழியத்துக்கு அமர்த்திக்கொண்ட களிப்பில், மீசையெல்லாம் சீனி மின்ன, குகதாசன் தலை நிமிர்ந்து ஒரு மிடறு குடித்தான். சுட்டது, இனித்தது, சிரிப்பு வந்தது. வெறும் நிலத்தைத் துழாவிய எறும்புப் படை மனமுடைந்து திரும்ப, எட்டுத் திக்கும் வெற்றி முரசு ஆர்ப்ப, வானோர் மலர்க்கூடைகளோடு கூரைத்தகரத்தின் மேல் குழுமிய அந்நேரத்தில்,

"மீசையைத் துடையுங்கோ," என்றபடி கமலாசனி அந்தக் கையில் இன்னொரு கரண்டிச் சீனி போட்டாள்.