கிளார்க் எழுந்திருக்க மாட்டாள்

"மேனேஜர் உள்ள வர்றாரு. எல்லாரும் எந்திரிக்கிறாங்க. இந்தப் பொண்ணு மட்டும் உக்காந்தே இருக்கு. இது நம்ம பண்பாடா?"

படப்பிடிப்புத் தளத்துக்குள் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டார் சேனலின் பண்பாட்டு ஆலோசகர். ஓர் அலுவலகத்தில் நடக்கும் சிரிப்புத் தொடர் அது. அவர் தலையாட்டாவிட்டால் தொடரை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சுவரோரம் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். "துணை நடிகையா? கொஞ்சம் எந்திரிங்கம்மா" என்று அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார் ஆலோசகர். அம்மாள் எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டார்.

எழுந்திருக்காத அந்தக் கிளார்க்கை எழுதிய கதாசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத வருமுன் அவளும் கிளார்க்காக இருந்தவள்தான். மேனேஜர் தண்ணீர் குடிக்கப் போனாலும் வந்தாலும் எழுந்து எழுந்தே முழங்கால் தேய்ந்தவள். தொடரே போனாலும் சரி, தன் கிளார்க்கை எழுப்புவதில்லை என்று முடிவு கட்டினாள்.

"அவ வேலையில மூழ்கியிருக்கா சார். அதுதான் சீனே."

"மரியாதைக்கு அப்புறம்தான் வேலை."

"சரி, கால்ல மாவுக்கட்டு போட்டுடலாம். எந்திரிக்க முடியாதுல்ல?"

போட்டார்கள். ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார். "கால் ஒடிஞ்ச பொண்ணை வேலை வாங்குறாரா மேனேஜர்? மனிதாபிமானம் எங்க போச்சு?"

"அப்ப ஆபீஸ்ல நாற்காலியே வேண்டாம் சார். உக்காந்தாத்தானே எந்திரிக்கணும்?"

ஆலோசகருக்கு அது பிடித்துப்போனது. அவர் உட்கார்ந்திருந்ததைத் தவிர மற்ற நாற்காலிகள் வெளியேறின. கிளார்க்காக நடித்தவள் மாவுக்கட்டோடு மேசையைப் பிடித்துக்கொண்டு தடுமாறினாள். மேனேஜர் கம்பீரமாக உள்ளே வந்தார். ஏற்கெனவே எல்லாரும் நின்றுகொண்டிருந்ததால், அவர் வந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. சுவரோரத்து அம்மாள் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்காதீங்கம்மா" என்று அதட்டினார் ஆலோசகர். "முகமெல்லாம் எண்ணெய் வழியுது. யாராவது இவங்களுக்குப் பவுடர் போடுங்க."

பவுடர் டப்பாவோடு ஓடிய ஒப்பனைக்காரி, அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆலோசகர் கவனிக்கவில்லை. "நாற்காலியெல்லாம் திரும்ப வரட்டும். மேனேஜர் வந்தா அந்தப் பொண்ணு எந்திரிச்சே ஆகணும்."

"மாட்டா சார்" என்றாள் கதாசிரியை.

"பெரியவங்க நிக்கும்போது உக்காந்திருக்கறவங்க யாரா இருந்தாலும் பண்பாடு தெரியாதவங்கதான்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

ஒப்பனைக்காரி தொண்டையைச் செருமினாள். "அப்ப நீங்க முதல்ல எந்திரிங்க சார். நீங்க நாற்காலியைப் பிடுங்கினீங்களே, அந்தம்மாதான் நம்ம சேனலுக்கு முதலாளி."