ஈரம் பட்டால் போச்சு

"இதோ, இன்னொண்ணும் நீலமாயிடுச்சு!"

ஸ்டோர் கீப்பர் போட்ட கூச்சலில் பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள்.

அவர் கையிலிருந்தது அட்டை போல மெல்லிய பேட்டரி. தண்ணீர் பட்டால்தான் அதற்கு உயிர் வரும். ஏரிக்கு அடியில் கிடந்து தண்ணீரின் அழுக்கையும் சூட்டையும் அளக்கும் சென்சார்களுக்காகச் செய்தது. ஈரம் பட்டதும் ஓரத்திலுள்ள வெள்ளைப் புள்ளி நீலமாகும்; அப்புறம் பேட்டரி ஓடித் தீர்ந்துவிடும். வாரக் கடைசியில் சென்சார்களோடு படகு கிளம்புகிறது. பேட்டரி இல்லாவிட்டால் இவர் வேலைக்கே வேட்டு.

"யாரோ வேணும்னே பண்றாங்க" என்றார். பெற்ற தாயையே இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டு நம்புகிற மனிதர்.

முதலில் குடிதண்ணீர்க் கேனை வெளியே தள்ளினார். மாலையில் எண்ணினார். மேலும் சில நீலம்.

கை துடைக்காமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் துண்டு கட்டினார். மறுபடி எண்ணினார். இன்னும் நீலம்.

எல்லாவற்றையும் இரும்பு அலமாரியில் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பூட்டினால் போதுமா, மனசு கேட்க வேண்டாமா? அடிக்கடி திறந்து எண்ணினார். நீலம் கட்டுக்கட்டாகப் பெருகியது.

பூட்டு உடையவில்லை. அப்படியென்றால் சாவி கைக்கு எட்டுகிறவன் வேலை. சாவி வீட்டுக்கும் வருகிறது. வீட்டில் மச்சான் இருக்கிறான். மனைவியின் தம்பி, இவர் சிபாரிசில் இதே பட்டறையில் பேட்டரி பொருத்துகிறவன்.

"ஏண்டா, காலைல ஈரத் தலையோட வீடு பூரா எதைத் தேடினே?"

"துண்டைத்தான் மாமா. நம்ம வீட்டுத் துண்டைத்தான் நீங்க ஸ்டோர் வாசல்ல கட்டிட்டீங்களே."

பதில் தயாராக இருந்ததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மனைவி பெட்டியைக் கீழே இறக்கினாள். "என் தம்பி மேல பழி விழுந்து அவன் வேலை போச்சுன்னா, நானும் அவனோட கிளம்பிடுவேன். அப்புறம் உங்க பேட்டரியோடயே குடும்பம் நடத்துங்க."

இருந்தாலும் அவர் விடுவதாக இல்லை. காவலாளியை ஸ்டோர் ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாருங்க. பேட்டரி மேல யார் ஈரக் கையை வெச்சாலும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சரிங்க சார்."

படகு கிளம்பும் நாள் வந்தது. கடைசியாக ஒருமுறை எண்ணி முடித்தார். ஒரு வெள்ளைப் புள்ளிகூட மிச்சமில்லை. செய்தி கேட்டு மேலதிகாரி அம்மா வேகமாக வந்தார்.

"வேலியே பயிரை மேயுது மேடம்! சொந்த மச்சான்னு பாத்தேன், இவன்தான் குடியைக் கெடுத்துட்டான்!"

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தியமா நானில்ல மேடம்."

"சும்மா சொல்லாதீங்க. சாட்சி இருக்கா?" என்றார் அந்த அம்மா ஸ்டோர் கீப்பரிடம்.

"இல்லாமலா!" ஸ்டோர் கீப்பர் காவலாளியை முன்னால் இழுத்து நிறுத்தினார். "பயப்படாம சொல்லுங்க. பார்த்தீங்கதானே?"

காவலாளி தலையைச் சொறிந்தார். மச்சானைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

"பார்த்தேங்க மேடம். இந்தத் தம்பி அலமாரிப் பக்கமே வரல. சார்தான் ஒவ்வொரு தடவையும் விரலை நாக்குல தொட்டுத் தொட்டு எண்ணிக்கிட்டு இருந்தாரு."