தறி பார்க்கப் போய் மாப்பிள்ளை வீட்டாரான கதை

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் உள்ளவர்களின் குடும்ப விவரமெல்லாம் கேட்பார்கள். தங்களைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் முழிப்பார்கள். எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது.

அப்போது முதுகலைப் படிப்புக்காக கிழக்கிலங்கையின் மருதமுனைக் கைத்தறிக்காரரைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். 'முஸ்லிம் நெசவாளர்: கைவினை, அடையாளம், உரித்துணர்வு' என்பது தலைப்பு. (சொல்லி முடிப்பதற்குள் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.) கட்டார் விசாவை எதிர்பார்த்து வீட்டில் சும்மா இருந்த என் தம்பி றிஸ்விதான் அக்கரைப்பற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவான்.

முதலில் பேசச் சம்மதித்தவர் ஹாஜறா மாமி. வீட்டின் பின்பக்கம் தறி போட்டு, சாரியும், ஆண்கள் உடுக்கும் சாரனும் நெய்து விற்கிறவர். மகள் ஸப்னா புதுப்புதுக் கரை போடுவதில் கெட்டிக்காரி. 'தறியில் தொடங்காதே, குடும்பத்தில் தொடங்கு' என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். நானும் தொடங்கினேன்.

"மாமி, நீங்க என்ன குடி?"

"வெள்ளநாச்சி குடி, மகள்."

(எங்கள் கடற்கரை ஊர்களில் குடி தாய்வழியாக வரும். உம்மாவின் குடிதான் பிள்ளைகளின் குடி. ஒரே குடிக்காரர் உடன்பிறப்புக் கணக்கு. பழைய ஆட்கள் அதற்குள் கலியாணம் பேசமாட்டார்கள்.)

"இந்த வீடு யாருக்கு மாமி?"

"ஸப்னாக்குத்தான். பொம்புளப் புள்ளைக்குத்தானே வீடு."

"தறி?"

"அதுவும் அவக்குத்தான்."

சொத்தும் தொழிலும் தாய்வழி உரிமையும் ஒரே வீட்டில்! சந்தோஷத்தில் கிணறு, குசினி, புதிதாகக் கட்டிய குளியலறை எல்லாவற்றையும் போனில் படமெடுத்தேன். அனுமதி கேட்டு, தறியில் இருந்த ஸப்னாவையும் எடுத்தேன். அவள் முகம் கடுகடுவென்றிருந்தது. வெட்கம் என்று நினைத்தேன். (மனிதர்களைக் கவனிப்பதுதான் என் படிப்பு.)

வாசலில் நின்ற றிஸ்வியையும் மாமி உள்ளே கூப்பிட்டார். வைத்ததையெல்லாம் அவன் சாப்பிட்டான்.

"தம்பிக்குக் கலியாணம்?"

"இன்னும் இல்ல மாமி. கட்டாருக்குப் போக இரிக்காரு."

மாமியின் முகம் மலர்ந்தது. விருந்தோம்பல் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை போனால், கேட்டுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தது. மாமியின் காக்காமார், அதாவது அண்ணன்மார், ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற உடுப்போடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் வட்டிலப்பம், தொதல் என்று இனிப்புகள். 'ஆஹா, குழுக் கலந்துரையாடல்!' என்று நான் போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டேன். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூத்த காக்கா தொண்டையைச் செருமினார். "அப்ப மகள், மாப்பிள்ள கேட்டு நாங்க உங்கட ஊட்டுக்கு எப்ப வாற?"

றிஸ்விக்குப் புரையேறியது. எனக்கு ஒவ்வொரு கேள்வியும் திரும்ப ஞாபகம் வந்தது. குடி என்ன, வீடு யாருக்கு, தறி யாருக்கு! போதாததற்குப் பெண்ணின் படம் வேறு.

ஸப்னா என் கையைப் பிடித்துத் தறிப்பக்கம் இழுத்துப் போனாள். "ராத்தா, எனக்கு இப்ப கலியாணம் வேணாம். நான் கொழும்புக்குப் போய் டிசைன் படிக்கிறதுக்கு உம்மா இப்பதான் ஓமெண்டவ. நீங்க வந்த புறகு அதையும் நிப்பாட்டிட்டா." (ராத்தா என்றால் அக்கா.)

"அப்ப இப்பவே போய் வேணாமெண்டு சொல்லிடுறன்."

"ஐயோ, அது கூடாது! படமெல்லாம் எடுத்துப்போட்டு வேணாமெண்டா ஊரு என்னப் பத்திக் கதைக்காதா?"

ஓம் என்றால் அவள் படிப்பு போச்சு. இல்லை என்றால் அவள் பெயர் போச்சு. எப்படியும் என் ஆராய்ச்சி போச்சு. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

"எல்லாத்தையும் நீங்களே கேட்டீங்க," என்றார் காக்கா. "நாங்க ஒண்டே ஒண்டுதான் கேக்கிறம். நீங்க என்ன குடி?"

முழித்தேன். எனக்குத் தெரியாது! ஊரெல்லாம் குடி விசாரித்த நான், என் குடியை யாரிடமும் கேட்டதில்லை. என் போன் பதிவில் இருந்ததால், றிஸ்வியின் போனிலிருந்து உம்மாவைக் கூப்பிட்டேன். "லவுட்ஸ்பீக்கர்ல போடுங்க மகள்," என்றார் காக்கா. போட்டேன்.

"உம்மா, நம்மட குடி என்ன?"

"என்னத்துக்கு? றிஸ்விக்கு ஆரும் கேட்டு வந்திரிக்காங்களா? பொம்புளைக்கு ஊடு இரிக்கா? அவன் வேல வெட்டிக்கு வளையமாட்டான், நல்லாத் திம்பான் எண்டு முதல்லயே சொல்லிப்போடு!"

"உம்மா, குடி!"

"நாம வெள்ளநாச்சி குடி."

உடனே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஸப்னாவின் குரல் பெரிதாகக் கேட்டது: "அல்ஹம்துலில்லாஹ்!"

"அப்ப காக்காவும் தங்கச்சியுமெல்லோ!" என்று மாமி தலையில் கைவைத்தார். காக்காமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரும் யாரையும் வேண்டாமென்று சொல்லவில்லை. யார் பெயரும் கெடவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப இவ்வளவு கேள்வியும் என்னத்துக்குக் கேட்ட நீங்க?" என்றார் மாமி.

"ஆராய்ச்சிக்கு எண்டு முதல் நாளே சொன்னனே மாமி."

"பொம்புள பாக்க வாறவங்க எல்லாரும் அப்புடித்தான் வேற என்னவாவது சொல்லிக்கிட்டு வருவாங்க. போன கிழம வந்தவங்க சாரன் வாங்க வந்த எண்டாங்க. இனி என்னை மாமி எண்டு கூப்பிடாதீங்க. ஒரே குடியெண்டா நான் உங்களுக்குச் சாச்சி, உம்மாட தங்கச்சி முறை."

விட்டேனா? கிடைத்த உறவை அந்த இடத்திலேயே பயன்படுத்தினேன். "அப்ப ராத்தா எண்ட முறையில சொல்றன் சாச்சி, தங்கச்சி படிக்கப் போகட்டும்." சிரித்துக் களைத்திருந்த சாச்சி, "ஓம், போகட்டும்," என்றார். றிஸ்வி இரண்டாவது கோப்பை வட்டிலப்பத்தை எடுத்தான். இந்த முறை நிம்மதியாக.

ஸப்னா படித்து முடித்து வந்து இப்போது தறிகளை அவளே நடத்துகிறாள். றிஸ்வியும் வேறு குடியில் கலியாணம் முடித்துவிட்டான். ஒவ்வொரு பெருநாளைக்கும் அவனுக்கு மருதமுனையிலிருந்து புதுச் சாரன் வரும். கூடவே ஸப்னாவின் போனும் வரும்: "மாப்பிள்ளக் காக்காக்குச் சாரன் பிடிச்சிரிக்காமா?"

"யாருக்கு மாப்பிள்ளை?" என்று அவன் மனைவி ஒவ்வொரு முறையும் தெரியாதவள்போல் கேட்பாள். உடனே உம்மா என்னிடம் அந்தப் பதிவைப் போடச் சொல்வார். 'நல்லாத் திம்பான்' என்ற இடம் வரும்போது, றிஸ்வி சாப்பாட்டுக் கோப்பையோடு எழுந்து வெளியே போய்விடுவான்.