எலுமிச்சம்பழம் மிதந்த சொம்பு

ரொட்டி கருகிவிட்டதென்று காலையில் என்னைத் திட்டினான் என் மகன் சதீஸ்குமார். பதினைந்து வயது. மத்தியானத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது. காலில் தொடங்கிய தசைநோய் கை, நெஞ்சு என்று ஏறி வந்து அவனை முடித்தது. அது 2004.

அடுத்த மாதம் என் தங்கை ஜெயலெட்சுமி முழுகாமல் இருந்தாள். பதுளை டொக்டர் இரகுநாதன் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தத் தசைநோய் தாய்வழியா வாற வருத்தம். உங்கட பெடியன்ர ரத்தம் முந்தியே கொழும்புக்கு அனுப்பினது. தங்கச்சியும் ரத்தம் குடுத்தா, வயித்துத் தண்ணிய எடுத்து, பிள்ளைக்கு இருக்கோ எண்டு பாக்கலாம். பயப்படுறதெண்டாலும் தெரிஞ்சுகொண்டு பயப்படுங்கோ."

தங்கை கொழும்புக்குப் போகாமல் பசறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே ஓர் எலுமிச்சைச் சாமியார் வந்திறங்கியிருந்தார். கருவுக்குள் பார்க்கும் மகான். பஸ் பஸ்ஸாகக் கூட்டம். வாந்தியெடுத்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள் பிள்ளைத்தாய்ச்சிகள். அவர் முன்னால் இரண்டு செப்புச் சொம்புகள். முதல் சொம்பில் பழம் மூழ்கினால் கருவில் குற்றம். எல்லாருக்கும் மூழ்கியது. காதுத் தோட்டைக் கழற்றி வைத்தால் அடுத்த சொம்பில் மிதந்தது. தங்கத்தைக் கண்டதும் அம்மனுக்கு அவ்வளவு சீக்கிரம் மனம் இளகும்.

ஜெயலெட்சுமியின் பழமும் மூழ்கியது.

"கால் வெளங்காத புள்ள, தாயி. தோட்ட வையி, சரியாயிரும். கொழும்புல போயி ஊசி குத்துனா அம்மன் கோவிச்சுக்குவா."

அவள் கை காதுக்குப் போனது.

ஈரப்புல்லில் நின்றதில் என் காலில் ஓர் அட்டை ஏறியிருந்தது. பிடுங்கி முதல் சொம்பில் போட்டேன். நெளிந்து நீந்தியது. இலையால் அள்ளி இரண்டாவதில் போட்டேன். சுருண்டு, ரத்தத்தைக் கக்கிச் செத்தது.

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அட்டைக்குப் பயந்து காலில் உப்புத் தடவாமல் மலையேறியவள் அங்கே ஒருத்தியுமில்லை.

"உப்புத் தண்ணி," என்றாள் எங்கள் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி. "முட்டையே மெதக்கும். பழம் மெதக்காதா?"

"தீட்டுப் பட்டுருச்சு," என்றார் சாமியார்.

"அம்மன் தண்ணிக்கு ஏதுங்க தீட்டு? ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டுங்க, சாமி," என்றேன்.

குடிக்கவில்லை. பெண்கள் தங்கள் தோடுகளைத் தாங்களே பொறுக்கிக்கொண்டார்கள்.

தங்கை கொழும்புக்குப் போனாள். சதீஸ்குமாரின் ரத்தத்தில் இருந்த பிழை அவளிடமும் இருந்தது. வயிற்றுப் பிள்ளையிடம் இல்லை.

சாமியார் அடுத்த வருடமே ஹல்துமுல்லையில் தேங்காய் வைத்துக் கருப் பார்த்தாராம். இன்றைக்கும் எங்கேயாவது ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். தாராளமாகப் போங்கள். மூளையைக் கொண்டுபோக மறந்தால் ஓர் அட்டையையாவது கொண்டுபோங்கள்.

கையைத் தூக்க முடியாத சதீஸ்குமாருக்காக, பள்ளிக்கூடப் பை மாட்ட இடுப்புயரத்தில் ஓர் ஆணி அடித்திருந்தோம். தங்கை மகன் இப்போது என்னைவிட உயரம். எங்கள் வீட்டுக்கு வந்தால் குனிந்து அந்த ஆணியில்தான் பையை மாட்டுகிறான்.