உள்ளே வர அனுமதி உள்ள ஒரே ஆள்

போன வெள்ளிக்கிழமை எனக்கிருந்தது ஒரேயொரு வேலை. வவுனியாவில் நிற்கும் என் கணவர், வெள்ளவத்தை வீட்டில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டருக்குள் வர வழி செய்து வைப்பது.

அவர் தனியாகக் கீறிய முதல் வீட்டு பிளான் அது. கனடாவில் இருந்து வந்தவர் ஒருவருக்குக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். அந்த மனுசன் பின்னேரமே எயார்போட்டுக்கு வெளிக்கிடுகிறார். பிளானோ எங்கள் வீட்டில். அனுப்ப ஏலாத பெரிய ஃபைல்.

"வெளியில இருந்து ஆக்கள் உள்ள வாறதுக்கு ஒரு இடம் இருக்கும். அதில எனக்கொரு யூசர் நேம் போட்டுவிடும்" என்றார் போனில்.

வெளியில இருந்து ஆக்கள் உள்ள வாறதா? பிள்ளை பிறந்த நாளில் இருந்து நான் பல்லிக்கே கதவைச் சாத்துகிற ஆள். இதை எழுதும்போதுகூட ஒருக்கா எழும்பிப்போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆகவே கான்வென்ட் சிஸ்டர்மார் கேற்றைப் பூட்டியதுபோல் பூட்டினேன். விருந்தாளி என்று ஒரு ஆளை உள்ளே விடலாமாம். நீக்கினேன். மூன்று தரம் பிழைத்தால் நாள் முழுக்கப் பூட்டு என்று போட்டேன். பூட்டினால் எப்படித் திறப்பது என்று எனக்கே தெரியாது.

பாஸ்வேர்ட் அவர் சொன்னதுதான். யூசர் நேமுக்குத்தான் யோசித்தேன். அவருடைய பெயர் கீழே தபால் பெட்டியில் கிடக்கிறது. கள்ளனும் வாசிப்பான். ஆகவே, இந்த உலகத்தில் நான் மட்டும் அவரைக் கூப்பிடுகிற பெயரை ஆங்கில எழுத்தில் போட்டேன்.

அதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அவர் சொந்தப் பெயரை அடித்திருக்கிறார். ஒரு தரம் போச்சு. உடனே போன் எடுத்தார். இரண்டு கையும் கீபோர்டில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாராம். அது எனக்குத் தெரியாது.

"யூசர் நேம் என்னப்பா?"

"இஞ்சாருங்கோ."

"கேக்குது, சொல்லும்."

"அதுதான். இஞ்சாருங்கோ."

"இஞ்சதானே நிக்கிறன். யூசர் நேமைச் சொல்லும்."

"ஐயோ, இஞ்சாருங்கோ!"

போனுக்குள் வேறொரு ஆம்பிளைக் குரல் கேட்டது. "என்னப்பா? வாறன்."

பிளான் பார்க்க வந்த கனடாக்காரர்தான். பின்னால் அவருடைய மனுசி, தான் கூப்பிடவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தா. நான் மட்டும் கூப்பிடுகிற பெயராம்! எங்கள் பிளாட்டில் படியில் நின்று அதைச் சொன்னால் எல்லா மாடியிலும் புருசன்மார் கதவைத் திறப்பார்கள்.

என் கணவருக்கு இப்போதுதான் விளங்கியது. உடனே அடித்தார். பிழை. இரண்டாம் தரமும் போச்சு.

"சீ எச் போட்டனீங்களோ? நான் ஜே போட்டனான்."

"ஜேக்குப் பிறகு ஏ ஒண்டா, ரெண்டா?"

"ஒண்டு." இதுவும் பிழைத்தால் பிளானும் இல்லை, வீடும் இல்லை.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் அடிக்க அடிக்க, கனடாக்காரரும் மனுசியும் கூடவே சேர்ந்து சொன்னார்கள், பாலர் வகுப்பு மாதிரி.

திறந்தது.

பிளான் பிடித்துவிட்டதாம். வேனில் ஏறும்போது அந்த மனுசி, "மிஸிஸ் இஞ்சாருங்கோவைக் கேட்டதாச் சொல்லுங்கோ தம்பி" என்றிருக்கிறா.

அன்றிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுகிறேன். மூன்று தரம் கூப்பிட்டாலும் மனுசன் திரும்பிப் பார்க்கிறதில்லை.