அப்பா அப்பாதான் என்று ஒரு சான்று

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அம்மா, அக்கா, நான் மூவரும் நலம். அப்பாவும் நலமாக இருப்பதாகத்தான் சொல்கிறார்; அதைச் சரிபார்க்கத்தான் எங்களால் முடியவில்லை. சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

சென்ற மாதம் வந்திருந்தபோது உங்கள் வேலையைப் பற்றிச் சொன்னீர்கள். மென்பொருள் என்பது பல துண்டுகளால் ஆனது. ஒரு துண்டு அனுப்பும் செய்தியை இன்னொரு துண்டு சும்மா நம்பாது. டிஜிட்டல் கையொப்பம் பொருந்தினால்தான் ஏற்கும். பொருந்தாவிட்டால் நேற்றுவரை கூடவே இருந்த துண்டையும் உள்ளே விடாது என்றீர்கள். அக்கா கொட்டாவி விட்டாள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

நம் வீடும் பல துண்டுகளால் ஆனதுதானே? அதிலும் அக்கா, அம்மாவின் கையெழுத்தில் ‘இன்னிக்குப் பாத்திரம் சின்னவள்’ என்று சீட்டெழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி, மூன்று நாள் என்னைத் தேய்க்க வைத்திருந்தாள். ஆகவே நான்கு அழிரப்பர்களில் முத்திரை செதுக்கினேன். அம்மாவுக்குச் சாவி, அக்காவுக்கு மீன், எனக்கு ஆந்தை, அப்பாவுக்குக் குடை. ரப்பர் உரியவரிடம் மட்டுமே இருக்கும். அதன் பதிவு, எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்க, ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும். பிறகு யாரும் ஒரு சொல்லைச் செருகிவிடாமலிருக்க, முத்திரைக்குக் கீழே சொற்களின் எண்ணிக்கையும் உண்டு. “படிக்கிற புள்ள பண்ற வேலையா இது?” என்ற அம்மா, மறுநாளே அக்காவைக் கையும் களவுமாகப் பிடித்தார். அதன்பிறகு அம்மாதான் எல்லோரையும்விடக் கண்டிப்பு. சாப்பாடு தயார் என்பதுகூட இப்போது எழுத்தில்தான் வருகிறது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது அப்பாவின் சட்டைப்பையோடு அவருடைய ரப்பரும் வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. அதில் குடை உருக்குலைந்துபோனதை அவர் கவனிக்கவில்லை. மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்து, “நான்தான், கதவைத் தொற” என்றார்.

“கொரலெல்லாம் செல்லாதுங்க. சீட்டு குடுங்க” என்றார் அம்மா.

கதவின் அடியில் சீட்டு வந்தது. அம்மா ஒப்பிட்டுப் பார்த்தார். “இது குடை இல்லையே? காளானாட்டம் இருக்கு.”

“நேத்து மொளைச்ச காளானையெல்லாம் வீட்டுக்குள்ள விட முடியுமாம்மா?” என்றாள் அக்கா.

“ஏய், இருபது வருஷமா உன்னோட குடும்பம் நடத்துறேன்டி!”

“அதெல்லாம் பழைய முறைங்க.”

கடைசியில் நான்தான் சமரசம் பேசி, அவரை விருந்தாளியாக உள்ளே அழைத்துக்கொண்டேன். சோபாவில் உட்காரலாம், படுக்கலாம்; ஃப்ரிட்ஜையும் ரிமோட்டையும் தொடக்கூடாது. புதிய குடை செதுக்கலாம்தான். ஆனால் அது இவருடையதுதான் என்று யார் சொல்வது? அப்போது நம்பகமான ஒருவர் சான்று தரவேண்டும் என்பதும் நீங்கள் சொன்னதே.

சித்தப்பா, வெள்ளிக்கிழமைக்குள் அறிவியல் முகாமுக்கான படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். குளத்து நீர் ஒரு துளியை நிஜமான நுண்நோக்கியில் காட்டப்போகிறார்கள். இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன். பெற்றோர் இருவரும் கையொப்பமிட வேண்டுமாம். “செல்லாத ஆளோட சேந்து நான் எப்படிப் போடுறது?” என்று அம்மா பேனாவை மூடிவிட்டார். ஆகவே அப்பா அப்பாதான் என்று நீங்கள் உடனே ஒரு சான்று அனுப்ப வேண்டும். “நான் பொறந்தப்ப அவன் பொறக்கவே இல்ல. அவன் எனக்குச் சாட்சியா?” என்கிறார் அப்பா. அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனாலும் வேறு வழியில்லை.

உங்கள் ஆசியையும் அதைவிட அவசரமாக உங்கள் சான்றையும் எதிர்பார்க்கும்,
அண்ணன் மகள்
(ஆந்தை முத்திரை)

பி.கு.: தம்பி, அண்ணன் எழுதுறேன். சின்னவ உறை ஒட்டப் பசை தேடிப் போயிருக்கா. படிவத்துக்காகக் கவலைப்படாதே. நேத்தே ஸ்கூலுக்குப் போய் வேற படிவம் வாங்கி டீச்சர் முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க அண்ணியையும் நாளைக்கு வரச்சொல்லிட்டாங்க. முகாம் நிச்சயம். இங்க பதினோரு நாளா என்னை யாரும் கடைக்கு அனுப்பல, பரண்ல ஏறச் சொல்லல, எதுக்கும் பதில் கேக்கல. நான் சொன்னாத்தான் செல்லாதே! உனக்குப் புண்ணியமாப் போகும்டா, அந்தச் சான்றை மட்டும் அனுப்பிடாதே.