ஆறு மணி நேரமும் மீடியன் அண்ணனும்

சிதம்பரத்தில் ஆய்வுப் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேர் மீடியன் அண்ணனுக்குப் பயந்தவர்கள். மீதிப் பேர் அதை வெளியே சொல்லாதவர்கள். ஆய்வேடு டைப் செய்து, அட்டவணை போட்டுத் தரும் கடை வைத்திருந்தார். கொடுத்ததை டைப் செய்ய வேண்டியதுதானே? மாட்டார். எண்களைப் படிப்பார். படித்ததும் அவருக்கு வியர்க்கும். அதைப் பார்த்து நமக்கு வியர்க்கும்.

2007. கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் தண்ணீர் எடுக்க தினமும் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்பது என் எம்.பில். ஆய்வு. கொடுக்க மூன்றே நாள். தவறினால் ஒரு வருஷம் போச்சு. எங்கள் ஊர் மஞ்சக்குப்பத்தில் அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார். என் கேள்வி ஃபாரங்களைப் படித்ததும் அண்ணனுக்கு வியர்த்தது.

"ஏம்மா, எல்லாரும் ஒரு மணி நேரத்துக்குள்ளதான் சொல்றாங்க. இந்த ஒருத்தவங்க மட்டும் ஆறு மணி நேரங்கிறாங்க. சராசரியவே மேல தூக்கிட்டாங்களே!"

"நான் தப்பா எழுதியிருப்பேண்ணே. அந்த ஃபாரத்த எடுத்துடுங்க."

"ஃபாரத்த எடுத்துடலாம். அவுங்க ஊர்ல இருக்காங்களே, அவுங்கள எப்பிடி எடுப்ப?"

மறுநாள் காலை என்னை விருத்தாசலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார், தானும் ஏறிக்கொண்டார். "அவுங்க வீட்ல இல்லன்னா?", "ஊரையே காலி பண்ணிட்டு போயிருந்தா?" என்று வழியெல்லாம் கேட்டுக் கேட்டு, என் பத்து நகத்தையும் கடிக்க வைத்தார்.

அந்த அம்மா வீட்டில்தான் இருந்தார். "ஆமா, ஆறு மணி நேரந்தான். இந்தத் தெருவுல நடக்க முடியாதவங்க ஜாஸ்தி. அவுங்களுக்கும் நாந்தான் தண்ணி கொண்டாறேன். அதையெல்லாம் நீ கேக்கலியே?"

உண்மைதான். என் ஃபாரத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

திரும்பி வந்ததும் அண்ணன் அட்டவணையைக் கலைத்தார். "சராசரி பக்கத்துல மீடியனையும் போடு. எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சா, நட்ட நடுவுல யாரு நிக்கிறாங்கன்னு அது சொல்லும். அந்தம்மாவப் பத்தித் தனியா ஒரு பக்கம் எழுது." மூன்றாம் நாள் பல்கலைக்கழக அலுவலகம் மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் நேராக அந்தப் பக்கத்தையே புரட்டினார்.

"இந்த ஆறு மணி நேரம் டைப்பிங் மிஸ்டேக்தானே?"

"இல்ல சார். திரும்பப் போய்க் கேட்டுட்டு வந்தோம்."

ஆய்வேட்டை மூடினார். "அப்ப வேற கேள்வி இல்லம்மா."

வெளியே வந்தேன். வராந்தா தூணுக்குப் பின்னால், கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றிருந்தார் மீடியன் அண்ணன்.

"என்னம்மா ஆச்சி?"

"பாஸுண்ணே."

படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எனக்காக அவ்வளவு பயந்தவர் இன்றுவரை வேறு யாருமில்லை.